பேப் டிட்ரிக்சன்: திடல்தடத்திலும் கோல்ஃபிலும் உச்சம் தொட்டவர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் சனிக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் பிள்ளைகள் ஓடிப் பழகுகிறார்கள், நான் கூட நின்று பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர் குடிக்க உட்கார்ந்த நேரத்தில் ஒருநாள் பேப் டிட்ரிக்சன் கதையைச் சொல்லப்போக, அடுத்த வாரம் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள், அப்புறம் அவர்களுடைய அம்மா அப்பாக்கள் வாட்ஸ்அப்பில் கேட்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போடுவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் 1911இல் பிறந்தவர். 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் திடல்தடப் போட்டிகளில் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி. அதோடு நின்றிருந்தாலே பெயர் நிலைத்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்து, பெண்கள் கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் 10 பட்டங்கள் வென்றார். 1950இல் ஏபி செய்தி நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியின் தலைசிறந்த விளையாட்டு வீராங்கனை என்று இவரைத்தான் தேர்ந்தெடுத்தது. 45 வயதில் இறந்துபோனார்.

'பேப்' என்பது உண்மையான பெயரா?

இல்லை. மில்ட்ரெட் எல்லா என்பதுதான் பெயர். பையன்களோடு பேஸ்பால் ஆடும்போது பந்தைத் தூக்கித் தூக்கி அடித்ததால், அந்தக் காலத்து நட்சத்திரம் பேப் ரூத்தின் பெயரைத் தனக்கு வைத்தார்கள் என்பது அவரே சொன்ன கதை. வீட்டில் அம்மா சின்ன வயதிலிருந்தே செல்லமாக அப்படித்தான் கூப்பிட்டார் என்றும் சொல்வார்கள். நம் வீடுகளிலும் பேரன் பேத்தி எடுத்த பிறகும் 'பாப்பா' என்றே கூப்பிடப்படும் அத்தைகள் இருக்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரி ஒட்டிக்கொண்ட பெயர்.

வசதியான குடும்பமா? பயிற்சியாளர் யாராவது இருந்தார்களா?

வசதி எதுவும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்கள், ஏழு பிள்ளைகளில் இவர் ஆறாவது. அப்பா தச்சர். அம்மா மற்றவர்கள் வீட்டுத் துணிகளை வாங்கித் துவைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் உடம்பை வளர்த்துக்கொள்ளட்டும் என்று அப்பாவே கொல்லையில் கம்பிகளும் எடை தூக்கும் சாமான்களும் செய்து போட்டார். என் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது வேலிக் கதை: அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு செடிவேலி இருந்தது, பேப் அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் தடைதாண்டி ஓட்டம் பழகினார், அதில் ஒரு வேலி மட்டும் உயரமாக இருக்கவே அந்த வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டார், அவரும் மறுக்காமல் மற்ற வேலிகளின் உயரத்துக்கு வெட்டிக் கொடுத்தார். அந்த மனிதர் மட்டும் 'போ போ, வேறு வேலை இல்லையா' என்று துரத்திவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஒரே ஆளாக ஒரு அணியையே தோற்கடித்தாராமே, உண்மையா?

உண்மை. நானும் முதலில் கேட்டபோது மிகைப்படுத்துகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பேப் அப்போது டாலஸ் நகரத்தில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தார். வேலை என்று பெயர், உண்மையில் அந்த நிறுவனத்தின் கூடைப்பந்து அணிக்காகத்தான் எடுத்தார்கள், அந்த அணி 1931இல் தேசியப் பட்டமும் வென்றது. 1932 ஜூலை 16 அன்று எவன்ஸ்டன் நகரில் நடந்த தேசியத் திடல்தடப் போட்டிக்கு நிறுவனம் ஒரே ஒருவரைத்தான் அனுப்பியது. அணியும் பேப்தான், அணித் தலைவியும் பேப்தான். மூன்று மணி நேரத்துக்குள் எட்டுப் போட்டிகளில் இறங்கினார், ஒன்றை முடித்துவிட்டு மூச்சு வாங்க நேரமில்லாமல் அடுத்ததற்கு ஓட வேண்டியிருந்தது. குண்டு எறிதல், ஈட்டி எறிதல், நீளம் தாண்டுதல், பேஸ்பால் எறிதல், 80 மீட்டர் தடைதாண்டி ஓட்டம் ஐந்திலும் முதலிடம். உயரம் தாண்டுதலில் ஜீன் ஷைலி என்ற வீராங்கனையோடு சமமாக முதலிடம். கடைசியில் புள்ளிக் கணக்கு பார்த்தால் பேப்புக்கு 30, இரண்டாவதாக வந்த இல்லினாய் மகளிர் மன்றத்துக்கு 22. அந்த மன்றம் அனுப்பியிருந்தது 22 பெண்களை.

ஒலிம்பிக்கில் ஏன் மூன்று பதக்கம்தான்?

மூன்று போட்டிகளுக்குமேல் ஒரு பெண் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். பெண்களுக்கு மொத்தமே ஆறு திடல்தடப் போட்டிகள்தான் அந்த ஒலிம்பிக்கில், பேப்புக்கு நன்றாக வரும் நீளம் தாண்டுதலும் குண்டு எறிதலும் அந்த ஆறில் இல்லவே இல்லை. ஈட்டியை 43 மீட்டருக்குமேல் எறிந்து தங்கம். 80 மீட்டர் தடைதாண்டி ஓட்டத்தில் 11.7 விநாடியில் உலகச் சாதனையோடு தங்கம், இரண்டாவதாக வந்த எவலின் ஹாலுக்கும் அதே நேரம்தான் குறிக்கப்பட்டது, அவ்வளவு நெருக்கம்.

உயரம் தாண்டுதலில்தான் தகராறு. பேப்பும் ஜீன் ஷைலியும் இருவருமே 1.65 மீட்டர் தாண்டினார்கள், அதுவும் உலகச் சாதனை. வெற்றியாளரைத் தீர்மானிக்க மறுபடி தாண்டச் சொன்னபோது, பேப்பின் தலை உடம்புக்கு முன்னால் கம்பியைக் கடக்கிறது, அது 'பாய்வது', விதிக்குப் புறம்பானது என்று நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். அன்று பகல் முழுக்க அவர் அதே பாணியில்தான் தாண்டிக்கொண்டிருந்தார் என்பதுதான் மனசை உறுத்துகிறது. வெள்ளிதான் கிடைத்தது. இன்றைக்கு காலாங் விளையாட்டரங்கில் போய் உயரம் தாண்டுதல் பார்த்தீர்களானால் ஒருவர் விடாமல் எல்லோரும் தலையை முதலில் விட்டு, முதுகு கீழே இருக்கும்படிதான் தாண்டுகிறார்கள்.

இவ்வளவு நன்றாக வந்ததை ஏன் விட்டார்?

விட்டார் என்பதைவிட வெளியே தள்ளப்பட்டார் என்பதுதான் சரி. காசு வாங்காமல் ஆடுகிறவர்களைத்தான் அமெச்சூர் என்பார்கள், அவர்களுக்குத்தான் அப்போது திடல்தடத்தில் இடம். ஒலிம்பிக் முடிந்த சில மாதங்களிலேயே ஒரு கார் விளம்பரத்தில் இவருடைய படம் வந்தது என்று இடைநீக்கம் செய்தார்கள். பிறகு அந்தத் தடை நீங்கியது, ஆனால் அதற்குள் அவர் தொழில்முறைக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்துவிட்டார். பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது, வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். தங்கப் பதக்கத்தை வைத்துக்கொண்டு அரிசி வாங்க முடியாது. அதனால் நாடக மேடையில் ஏறி ஹார்மோனிக்கா வாசித்தார், தன் பெயரிலேயே ஒரு கூடைப்பந்து அணியோடு ஊர் ஊராகப் போனார், ஆண்களின் பேஸ்பால் அணியோடும் சுற்றினார். வேடிக்கை காட்டிப் பிழைக்கிறார் என்று பேசினவர்களும் உண்டு. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை, உழைத்துச் சம்பாதித்து வீட்டுக்கு அனுப்பிய பெண்தானே.

கோல்ஃப் சுலபமாக வந்துவிட்டதா?

கிடையாது. இதை நான் ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் 'அவருக்குப் பிறவியிலேயே திறமை' என்று கேட்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். 21 வயதில் உலகச் சாதனை படைத்தவர், அடிப்படையிலிருந்து, மட்டையை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து கற்றார். நாளெல்லாம் பந்து அடிப்பார், சில நாள்களில் ஆயிரத்துக்குமேல். உள்ளங்கை கொப்புளித்து ரத்தம் வரும், துணிப்பட்டை சுற்றிக்கொண்டு திரும்ப அடிப்பார். பகலில் வேலை, விடியற்காலையிலும் மாலையிலும் பயிற்சி, இரவில் விதிப்புத்தகம்.

1935இல் டெக்சஸ் மாநில அமெச்சூர் பட்டத்தை வென்றார். அங்கேயும் வந்தது தடை. கோல்ஃப் அப்போது பணக்கார வீட்டுப் பெண்கள் கிளப்புகளில் ஆடும் விளையாட்டு, தச்சர் மகள் வந்து ஜெயிப்பது பலருக்குப் பிடிக்கவில்லை. வேறு விளையாட்டுகளில் காசு வாங்கியவர், எனவே இவர் அமெச்சூர் இல்லை என்று அமெரிக்க கோல்ஃப் சங்கம் அறிவித்துவிட்டது. பெண்களுக்குத் தொழில்முறைப் போட்டிகளோ அப்போது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. ஆகக்கூடி, ஆடத் தெரியும், ஆட இடமில்லை. இரண்டாம் முறையாக. விண்ணப்பித்து, காத்திருந்து, 1943இல் அமெச்சூர் தகுதியைத் திரும்பப் பெற்றார். 1946இல் அமெரிக்க மகளிர் அமெச்சூர் பட்டம், 1947இல் ஸ்காட்லாந்தின் கல்லன் திடலில் பிரிட்டிஷ் மகளிர் அமெச்சூர் பட்டம். அந்தப் பட்டத்தை வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்தான். அதே ஆண்டில் தொழில்முறைக்கு மாறினார், 1948, 1950, 1954 என்று மூன்று முறை அமெரிக்க மகளிர் ஓப்பன் வென்றார்.

ஆண்களோடும் ஆடினாராமே?

ஆமாம். 1938இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஓப்பனில் ஆண்களோடு இறங்கினார், அங்கே கூட ஆடியவர்களில் ஒருவர்தான் ஜார்ஜ் ஸஹாரியாஸ் என்ற மல்யுத்த வீரர், அந்த ஆண்டு முடிவதற்குள் இருவருக்கும் கல்யாணம். 1945இல் மறுபடி ஆண்களின் போட்டிகளில் ஆடினார். பாதியில் பின்தங்கியவர்களைக் கழித்துவிட்டு மற்றவர்களை மட்டும் தொடர விடுவார்கள், அந்தச் சல்லடையில் நின்ற பெண் அவர்.

'பொண்ணு வெயிலில் கறுத்துப்போறா, தோள் அகன்றுபோச்சு' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். பேப்புக்கும் அப்படி இருந்ததா?

இருந்தது, இதைவிடக் கடுமையாக. பத்திரிகைகளில் எழுதினார்கள், ஆண்பிள்ளை மாதிரி இருக்கிறார், பெண்தானா என்றெல்லாம். ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கின 21 வயதுப் பெண் காலையில் பேப்பரைத் திறந்தால் அதைப் படிக்க வேண்டும். பின்னாளில் தலைமுடி வளர்த்தார், நல்ல உடைகள் போட்டுக்கொண்டார், பத்திரிகைகளும் இப்போதுதான் பெண்ணாக மாறினார் என்று பாராட்டி எழுதின. அந்தப் பாராட்டைப் படிக்கும்போதுதான் எனக்கு அதிகம் வலித்தது. தையல் அவருக்கு முன்பே நன்றாகத் தெரியும், சமையலும் தெரியும், யாரும் கேட்கவில்லை.

உங்கள் மாமியார் அப்படிச் சொன்னால் சண்டை போட வேண்டாம். ஒரு சனிக்கிழமை அவரையும் அழைத்து வாருங்கள், பேத்தி ஓடுவதைப் பார்க்கட்டும். எங்கள் குழுவில் அப்படி வந்து உட்கார்ந்த ஒரு பாட்டி இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு கொண்டுவருகிறார்.

பழகுவதற்கு எப்படிப்பட்டவர்?

தற்பெருமை அதிகம். உடை மாற்றும் அறைக்குள் வந்ததும் இரண்டாவது இடம் யாருக்கு என்று கேட்பவர் என்று கூட ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒலிம்பிக் அணியில் பலருக்கு அவரைப் பிடிக்காது. வயதைக்கூடச் சில வருடம் குறைத்துச் சொன்னார். பிள்ளைகளிடம் நான் இதை மறைப்பதில்லை. ஆனால் கூட்டம் சேர்ப்பதும் அவர்தான், சிரிக்கச் சிரிக்கப் பேசி, பார்க்க வந்தவர்களைக் கோல்ஃபுக்குள் இழுத்ததும் அவர்தான்.

புற்றுநோய் வந்த பிறகும் ஆடினாராமே?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1953இல் பேப்புக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவைச் சிகிச்சை செய்து வயிற்றில் துளையிட்டு, மலம் அதன் வழியாகப் போகும்படி வைத்தார்கள். இனிமேல் போட்டி கோல்ஃப் கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பேப்போ கோல்ஃப் மட்டைகளை ஆஸ்பத்திரி அறையிலேயே கொண்டுவந்து வைக்கச் சொன்னார், கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று. சுமார் மூன்றரை மாதத்தில் போட்டியில் ஆடினார். கூடவே இருந்து காயத்துக்குக் கட்டு மாற்றியவர் பெட்டி டாட் என்ற இளம் வீராங்கனை, பேப்பின் நெருங்கிய தோழி. அடுத்த ஆண்டு, 1954இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் திடலில் அமெரிக்க மகளிர் ஓப்பனை 12 அடி (பந்தை மட்டையால் அடித்த எண்ணிக்கையில்) வித்தியாசத்தில் வென்றார். கோல்ஃபில் ஒரு அடி, இரண்டு அடி வித்தியாசத்தில் பட்டம் கைமாறும். 12 அடி.

புற்றுநோய் என்ற சொல்லையே வீட்டுக்குள் மெதுவாகப் பேசின காலத்தில் அவர் வெளிப்படையாகச் சொன்னார், நிதி திரட்டினார். என் அண்ணிக்கும் இதே வியாதி வந்தது, அவருக்கும் அதேபோல் துளையிட்டு, மலம் சேர ஒரு பை வைத்தார்கள். ஆறு மாதம் தீபாவளிக்குக்கூடத் தேக்கா பக்கம் வராமல், எம்ஆர்டியில் ஏறினால் வாடை வருமோ என்று பயந்து வீட்டிலேயே இருந்தார். பேப் கதையை அண்ணியிடம் சொன்னேன். உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனால் 'அந்தப் பொண்ணு பையோட அவ்வளவு தூரம் நடந்தாளா?' என்று கேட்டார். ஒரு கோல்ஃப் சுற்றில் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும் என்றேன். இரண்டு வாரம் கழித்து, சாயங்காலம் புளோக்குக்குக் கீழே இறங்கி பூங்கா இணைப்புப் பாதையில் நடந்தார்.

இங்கே சிங்கப்பூரிலும் அதிகம் வருகிற புற்றுநோய்களில் குடல் புற்றுநோய் ஒன்று. 50 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வீட்டிலேயே செய்துகொள்ளும் மலப் பரிசோதனைச் சாதனத்தைச் சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் இலவசமாகவே கொடுக்கிறது. வெட்கப்படாமல் வாங்கிச் செய்யுங்கள்.

சிங்கப்பூருக்கும் இவருக்கும் ஏதாவது தொடர்பு?

நேரடியாக இல்லை, ஆனால் ஒரு நூல் இருக்கிறது. 1950இல் பெண்களுக்கான தொழில்முறை கோல்ஃப் சங்கத்தை, அதாவது எல்பிஜிஏவை, 13 பெண்கள் சேர்ந்து ஆரம்பித்தார்கள், பேப் அவர்களில் ஒருவர். தனக்கு ஆட இடமில்லாமல் போனதே, அந்த இடத்தைத்தான் உண்டாக்கினார்கள். அந்தச் சங்கத்தின் போட்டி ஒன்று 2008இலிருந்து நம் ஊருக்கு வருகிறது, இப்போது செந்தோசா கோல்ஃப் கிளப்பில் நடக்கிறது. 2022, 2023 இரண்டிலும் கொரியாவின் கோ ஜின் யங், 2024இல் ஆஸ்திரேலியாவின் ஹானா கிரீன், 2025இல் நியூசிலாந்தின் லிடியா கோ வென்றார்கள். முடிந்தால் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துப்போங்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, பத்தடி தூரத்தில் உலகின் சிறந்த வீராங்கனை பந்தடிப்பதைப் பார்ப்பது தொலைக்காட்சியில் பார்ப்பது போலவே இருக்காது.

என் மகள் தொடக்கநிலை 5. ஓட்டமும் பிடிக்கும், பூப்பந்தும் பிடிக்கும். நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவா?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். விளையாட்டுத் திறமையை வைத்து உயர்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்க ஒரு விளையாட்டில் நன்றாகச் செய்திருக்க வேண்டும், அது எனக்கும் புரிகிறது. விண்ணப்பத்தில் ஒன்றை எழுதுங்கள், தவறில்லை. வாழ்க்கையிலிருந்து இன்னொன்றைப் பிடுங்கிவிடாதீர்கள். 11 வயதில் பேப்பிடம் என்ன விளையாட்டு என்று கேட்டிருந்தால் யாருமே கோல்ஃப் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவருடைய பெரிய விளையாட்டு, நான் அப்படித்தான் சொல்வேன், இரண்டாவதாக வந்ததுதான், அதுவும் இருபது வயதுக்கு மேல்தான் அதில் மனதை முழுசாக வைத்தார்.

நான் உயர்நிலை 2இல் படிக்கும்போது தடை ஓட்டமும் வலைப்பந்தும் இரண்டும் செய்தேன். ஒன்றை விடு என்றார்கள். தோழிகள் இருந்ததால் வலைப்பந்தில் நின்றுவிட்டேன், தடை ஓட்டத்தை விட்டது இன்னும் மனசில் கிடக்கிறது. பள்ளியின் இணைப்பாட நடவடிக்கை ஒன்றாக இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை புளோக்குக்குக் கீழே மற்றதை ஆடட்டும். தடுக்கக் கூடாது, அவ்வளவுதான். வேலை பார்த்துக்கொண்டே பெரிய இடத்துக்குப் போனவர்கள் நம் ஊரிலும் உண்டு: 1973இல் இங்கே நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில் 200 மீட்டரில் தங்கம் வாங்கிய குளோரி பர்னபாஸ் ஆசிரியராக இருந்தவர். சாந்தி பெரேரா 2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் 200 மீட்டர் தங்கம் வாங்கியதைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், அதற்கு முன்பு அவர் பல வருடம் காத்திருந்ததையும் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக எப்போது கோல்ஃப் திடலுக்குப் போனார்? (இதைக் கேட்டது ஒன்பது வயதுப் பையன்.)

1955இல் புற்றுநோய் திரும்ப வந்தது. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு டெக்சஸில் ஃபோர்ட் வொர்த் நகரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தார், வலி அதிகம், ஆட முடியாத நிலை. ஒரு கோல்ஃப் திடலைப் பார்க்க வேண்டும் என்றார். இரவு உடையோடும் மேலங்கியோடும் காரில் ஏற்றி, பக்கத்திலிருந்த கொலோனியல் திடலுக்குக் கூட்டிப்போனார்கள். பேப் இறங்கி மெதுவாக நடந்து போய், புல்தரையில் குனிந்து, உள்ளங்கையைப் புல்லின்மேல் வைத்துப் பார்த்தார். அப்புறம் திரும்பி வந்து காரில் ஏறிக்கொண்டார். 1956 செப்டம்பர் 27 அன்று இறந்தார்.